மூன்று நாள் லீவு

பெட்டியில் மேலே நீச்சலுடுப்பு,
அதற்கடியில் குளிசைப் பெட்டி,
அதற்கும் அடியில், யாரும் காணாதபடி,
ஒரு கிலோ குரக்கன் மா.
கண்டுவிட்டார் தயாபரன்.
"ஹொட்டேலுக்குப் போறமப்பா,
இடம்பெயர்ந்தா போறம்?"

உப்புவெளியில் காலை ஏழு மணி.
மண்டபத்தின் நீளத்துக்கு ஒரே மேசை.
பாண், கேக், எண்ணெயில் மினுங்கும் சொசேஜ்.
கடைசி மூலையில் மூடிய சட்டியில்
எவரும் திறக்காத இலைக்கஞ்சி.

காசு கட்டிவிட்டோம் என்பதும் ஒரு பசி.
அது வயிற்றிலிருந்து வருவதில்லை.
இரண்டாவது தட்டை நிரப்பியபோது
கை என்னுடையது,
கணக்கு ஹொட்டேலுடையது.

மத்தியானம், கோட்டை வாசலைத் தாண்டி
கோணேசர் மலைக்கு ஏறும் வழியில்
புள்ளிமான் ஒன்று ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தது.
கடதாசியோடு.
எறிந்த பையன் கைதட்டினான்.
பக்கத்திலேயே புல் இருந்தது;
காய்ந்த புல்தான், ஆனாலும் புல்.
மான் நிமிர்ந்து பார்த்தது.
கைப்பையை இழுத்து மூடினேன்,
உள்ளே பாதி கடித்த மஸ்கட்.

இரவு கொத்துக் கடையில்
தகட்டில் இரும்பு சொல்லிக்கொண்டேயிருந்தது:
ஒருக்கா ஒருக்கா ஒருக்காத்தானே
ஒருக்கா ஒருக்கா.
அவருக்கு முழுசு. எனக்குப் பாதி,
கரட் கூடப் போடச் சொல்லி.
பிறகு அவருடையதில் கால்வாசி.
இதை டொக்டர் பர்ஹானாவிடம்
நான் சொல்லப்போவதில்லை.
இரத்தம் சொல்லிவிடும்.

மறுநாள் முபாரிஸ்,
கோப்பை எடுக்கும் கிண்ணியாப் பெடியன்,
முட்டியோடு தயிர் கொண்டுவந்து வைத்தான்.
மற்றக் கை முதுகுக்குப் பின்னால்,
அதில் பாணிப் போத்தல்.
என் குளிசையைக் கண்டிருக்கிறான்.
"கேட்டாத்தான் தருவன் மெடம்.
எங்கட வாப்பாக்கும் சீனிதான்."

நான் கேட்கவில்லை.
பெருமைப்பட ஒன்றுமில்லை, வெட்கம்தான்.
ஆனால் அந்த எருமைத் தயிர்
கரண்டியில் அசையாமல் நின்றது,
புளிப்புக்கு உள்ளே எங்கேயோ
தன்பாட்டில் ஓர் இனிப்பு.

கடைசி நாள் விடிய
தயாபரனைக் குறட்டையோடு விட்டுவிட்டுக்
கரைவலை இழுப்பவர்களைத் தாண்டி நடந்தேன்,
செருப்பைக் கையில் பிடித்தபடி,
சூரியன் கண்ணைக் குத்தும்வரை.
திரும்பும்போது பசித்தது.
மூன்று நாளில் முதல்தடவை
பசிதான் பசித்தது.

மேசையைப் பாராமல் மூலைக்குப் போய்ச்
சட்டியைத் திறந்தேன்.
எனக்கு முன்னமே யாரோ
ஓர் அகப்பை அள்ளியிருந்தார்கள்.

குரக்கன் மா
பிரிக்காமலே வவுனியா திரும்பியது.
நீச்சலுடுப்பும்தான்.