பத்துக் காசு

வேஃபர் தொழிற்சாலையில் எனக்கு இரவுப் பணி.
உட்லண்ட்ஸ், மூன்றாம் மாடி, மஞ்சள் விளக்கு.
தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு,
கண்கள் மட்டும் வெளியே.
நுண்ணோக்கியின் கீழே வட்டத் தகடு.
அதில் ஒரு புள்ளி தென்பட்டால்
ஒதுக்கித் தள்ள வேண்டும்.
பதினோரு வருடமாகப் புள்ளி பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள்
மகள் முதுகில் இருந்ததைப் பார்க்கவில்லை.

பார்த்தது, யீஷூன் நீச்சல் குளத்தில்
அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பையன்.
"கோச், இவள் முதுகில் யாரோ
முட்டை பொரித்திருக்கிறார்கள்."

மகிழினி அழவில்லை.
ஈரத் துண்டோடு பேருந்தில் உட்கார்ந்து
"எங்கே, எனக்கும் காட்டு" என்றாள்.
தன் முதுகை யாரால் பார்க்க முடியும்?

மிளகளவு மச்சம்.
நாலு வயதில் வந்தது, தெரியும்.
அதைச் சுற்றிக் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல்
ஒரு வெள்ளை வளையம்.
அது தெரியாது.
எந்த இரவில் வந்தது,
நான் யாருடைய தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது?

துறையூரிலிருந்து சித்தியின் குரல்பதிவு:
"முதுகில் மச்சமா, கடல் தாண்டிப் பிழைப்பாள்."
அவள் பிறந்ததே கடல் தாண்டித்தான் சித்தி.
வளையத்துக்கு என்ன பலன் என்று சாஸ்திரத்தில் இல்லையாம்.
இளங்குமரன் தேமல் என்று சொல்லிக் களிம்பு தேடினான்.
நான் அதிகாலை மூன்று மணி இடைவேளையில்
கைபேசியில் ஒரு சொல்லைத் தேடினேன்.
அந்தச் சொல்லை இங்கே எழுதமாட்டேன்.

பலதுறை மருந்தகத்தில் கடிதம் கொடுத்தார்கள்.
பிறகு ஐந்து வாரம்.
ஐந்து வாரமும் அவள் குளிக்கும்போது
கதவருகே எதையாவது மடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சியா ஒரு சின்ன ஆடியை
அவள் முதுகில் ஒட்டி,
ஒரு கண்ணை மூடிக் குனிந்தார்.
அந்தக் குனிவு எனக்குத் தெரியும்.
தள்ளுவாரா, விடுவாரா.

காது மடலின் பின்புறம், கால் விரலிடுக்கு,
வகிடு பிரித்து உச்சந்தலை,
இன்னொன்று ஒளிந்திருக்கிறதா என்று
உடம்பு முழுக்கத் தேடிவிட்டுச் சொன்னார்:
"பயப்பட ஒன்றுமில்லை.
பிள்ளைகளுக்கு வருவதுதான்.
உடம்பின் காவலர்கள் மச்சத்தை
வேற்றாள் என்று நினைத்துத் துரத்துகிறார்கள்.
மெல்ல மங்கும். வருடங்கள் ஆகலாம்.
வெள்ளைக்கும் பெரும்பாலும் நிறம் திரும்பும்."

"வெட்ட வேண்டாமா?"
"எதற்கு?"

வளையத்தில் வெயில் படாமல் களிம்பு, கைநீள நீச்சலுடை.
மாதம் ஒரு படம், ஒரே வெளிச்சத்தில்,
அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயம்.
ரத்தம் வந்தால், தடித்தால்,
வளையம் ஒரு பக்கம் கோணினால்
அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள் என்றார்.

"டாக்டர், அது போய்விட்டால்
நான்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?"
என் பத்தாம் வகுப்புச் சான்றிதழை
என்றோ காட்டியிருந்தேன் அவளிடம்.
அங்க அடையாளம்: வலது முழங்கையில் ஒரு மச்சம்.
"இங்கே கட்டைவிரல் போதும்" என்று
தன் விரலை நிமிர்த்திக் காட்டினார்.
அவள் தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை.
இரவுப் பணி முடிந்து வந்து, தூங்குவதற்கு முன்
சன்னலோரம் அவளை நிறுத்துகிறேன்.
மச்சமும் வளையமும் சேர்ந்தே
பத்துக் காசுக்குள் அடங்கும்.
"குளிருதும்மா" என்று நெளிவாள், காசு நழுவும்,
கட்டிலுக்கடியில் தேடுவோம்.
நாலாவது படத்தில் மிளகு
பால் கூடிய தேநீர் நிறம்.

நீச்சல் வரிசையில் அந்தப் பையன்
"முட்டை வெந்துவிட்டதா?" என்கிறானாம்.
"இன்னும் இல்லை" என்கிறாளாம்.

நேற்று காப்பிக் கடையில்
பத்துக் காசு குறைந்தது.
பையின் உள்ளறையில் இருந்தது, கை பட்டது.
ஐந்து வெள்ளித் தாளை நீட்டினேன்.