இடது செருப்பு

மூன்றாம் மாடிக் கெர்பர் அம்மா
கதவைத் தட்டி நீட்டினா:
"இது உங்களுடையதா?"

குனிந்து பார்த்தேன்.
வலது காலில் செருப்பு. இடதில் இல்லை.
பனி உருகி ஈரமான படிக்கட்டில்
இரண்டு மாடி
வெறுங்காலோடு ஏறி வந்திருக்கிறேன்.
குளிர் எனக்கு ஒரு தந்திகூட அடிக்கவில்லை.

இரண்டு பேரும் சிரித்தோம்.

பீல் நகரத்தில்,
மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் எனக்குப் பதினாறு வருஷம்.
எள்ளைவிடச் சின்னத் திருகாணியை
இடுக்கியால் எடுத்து இருத்துகிற வேலை.
அந்த மாசியில் திருகாணிகள் விழத் தொடங்கின.
நாளுக்கு மூன்று. பிறகு ஒன்பது.
மேற்பார்வை ரோஷா எண்ணி எழுதிக்கொண்டா.
நான் கண்ணாடியை மாற்றினேன்.

எல்லாத்துக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.
படியில் மூச்சு வாங்கினால், உடம்பு வைத்துவிட்டது.
உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்தால், சப்பாத்து இறுக்கம்.
நாக்கு வழுவழுத்துச் சிவந்து
ரசம் பட்டாலே எரிந்தால், மிளகு கூடிப்போச்சு.
மகனின் பள்ளிக்கூடக் கடிதத்தை மூன்று தரம் மறந்தேன்.
"அம்மாவுக்கு வேலை கூட" என்றான், அவனே.

பிறந்தது முதல் சைவம்.
நீரிழிவுக்குப் பதினொரு வருஷமாய் விழுங்கும்
வெள்ளைக் குளிசை.
இரண்டும் எனக்குள் கூடிக் கதைத்ததை
நான் ஒட்டுக் கேட்கவில்லை.

வைகாசியில் ஒரு விடியல்,
முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினேன்.
தரை போய்விட்டது.
கண் பார்த்துச் சொன்னால்தான்
கால் எங்கே என்று எனக்குத் தெரிந்திருக்கிறது,
இத்தனை நாளும்.
தொட்டியைப் பிடித்தபடி நுரையோடு நின்றேன்.

அன்றைக்குத்தான் வைத்தியருக்கு அடித்தேன்.
"எவ்வளவு நாளாக?"
"செருப்பு கழன்ற நாளிலிருந்து."
எக்லி சிரிக்கவில்லை.
"இன்றைக்கே வாங்கோ."

இசைக்கவையைத் தட்டிப் பெருவிரலில் வைத்தார்.
"அதிருதா?"
காதுக்குக் கேட்டது. காலுக்கு இல்லை.
கணுக்காலிலும் இல்லை.
முழங்காலில்தான்
ஒரு தும்பி வந்து குந்தியது.

பீ பன்னிரண்டு. இரத்தத்தில் அடிவண்டல்.
கம்பியின் றப்பர் உரிவது போல
நரம்பின் உறை கரைகிறது என்றார்.
குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம் என்றார்.
ஊசிமருந்து செம்பருத்தி பிழிந்த நிறம்.

"எல்லாம் திரும்புமா?"

"களைப்பு முதலில் போகும். நரம்பு மெல்ல.
கொஞ்சம் வராமலும் போகலாம்."
பிறகு, எழுதிக்கொண்டே:
"மாசியில் வந்திருக்கலாம்."

ஊசி நோகவில்லை.

இப்போது ஆவணி.
நாக்கில் மிளகு மிளகாகவே இருக்கிறது.
திருகாணி நாளுக்கு ஒன்று, சில நாள் அதுவும் இல்லை.
இடது சின்னவிரல் மட்டும்
இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

நேற்றுச் சாப்பாட்டு நேரம்,
புதிதாகச் சேர்ந்த கயல்நிதி கையை உதறினாள்.
"ஒரு மாதமாய் எறும்பு ஊருது அக்கா.
வேலைதானே, பழகிவிடும்."

நான் முதலில் அவளுடைய செருப்பைப் பார்த்தேன்.
பிறகு போனை எடுத்து
எக்லியின் இலக்கத்தை அழுத்தி
மணி போகப் போக
அவள் காதில் வைத்தேன்.