மூன்றாவது கட்டம்

மரீபாவில் விடிவதற்குள்
மக்காச்சோளத்துக்குள் இறங்கிவிடுவேன்.
குருத்தை விரித்தால்
ஈர மரத்தூள் மாதிரி எச்சம்.
அதற்கும் கீழே அவன்,
நெற்றியில் தலைகீழாய் ஒரு ஒய் எழுத்து,
பிடிபட்ட பிறகும் மென்றுகொண்டு.

டாரியோவுக்கு நம்பிக்கை இல்லை.
"அந்த மரத்தையா?" என்றார்.
ஓடைக்கரையில் புதராய் மண்டுகிறதென்று
கவுன்சில் வெட்டச் சொன்ன வேம்பு.
களைப் பட்டியலில் அதற்கும் ஓர் இடம்.
ரம்பம் வருமுன் போய்ப் பொறுக்கினேன்
இரண்டு சாக்குக் கொட்டை.

இடித்து, இரவெல்லாம் ஊறவைத்து,
பழைய திரைச்சீலையில் வடிகட்டியும்
தெளிப்பான் மூக்கு நாலு முறை அடைத்தது.
வாயால் ஊதி எடுத்தேன்.
அன்று குடித்த காபியெல்லாம் கசப்பு.

முதல் வரிசைக்கு வெறும் தண்ணீர்.
அடுத்ததற்கு டாரியோவின் மருந்து.
கடைசி என்னுடையது.

நான்காம் நாள் எண்ணப் போனோம்.
முதல் வரிசை சல்லடை.
கையில் இருந்த தாளில் இரண்டே கட்டம்:
உயிரோடு. இறந்தது.

என் வரிசையில் ஒன்றும் சாகவில்லை.
டாரியோ சிரிக்க வாய் திறந்தார்,
பிறகு குனிந்தார்.
புழு இருந்தது. இலையும் இருந்தது.
பசியைத்தான் காணோம்.
ஒன்று,
சட்டை கழுத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை போல
தன் பழைய தோலுக்குள்ளேயே
பாதியில் நின்றிருந்தது.

இதை எங்கே எழுதுவது?

பென்சிலால் மூன்றாவதாய் ஒரு கட்டம் போட்டேன்,
கோணலாக.
அதற்குத் தலைப்பு யோசிப்பதற்குள்
மழை பிடித்துக்கொண்டது.
தாள் ஊறியது. இலைகளில் இருந்த கசப்பு
மண்ணுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

வண்டியில் ஏறியும்
டாரியோ சாவியைத் திருப்பவில்லை.
"சாக்கில் எவ்வளவு மிச்சம்?" என்றார்.