பதினாறு சந்து

பீல் நகரில், ஸ்டேஷனுக்குப் பின்னால்,
இரண்டு மொழியில் பெயர் எழுதிய தெருவில்
ஓடர்மாட் அம்மாவின் வீட்டு நடைக்கூடம்.
அவர் வரைந்த மண்டலத்தைத்
தரையில் பதிக்க வேண்டும். அதற்குத்தான் நான்,
என் வாளி, ரப்பர் சுத்தியல்,
சம்பளத்துக்கு மேல் பேசும் பெஸ்னிக்.

படத்தைச் சமையல் மேசையில் விரித்தார்.
பதினாறு இதழ். ஒன்று கருநீலம், ஒன்று சாம்பல்,
மாறி மாறி மையத்துக்கு ஓடிவந்து
காம்பஸ் ஊசி குத்திய இடத்தில்
மூக்கோடு மூக்கு முட்டி நின்றன.
முப்பத்தொரு வருடம்
கைக்கடிகார முகப்புக்குக் கோடு போட்ட கை அது.
படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கற்கள் பட்டறையிலிருந்து வந்தன,
படத்தில் உள்ள அதே அளவில், அச்சு அசலாக.
மூன்று, நான்கு, ஐந்தென்று அளந்து
மூலைமட்டம் பிடித்தேன்.
நீலச் சுண்ணாம்பு நூலை இழுத்துச் சுண்டினேன்;
தரை ஒருமுறை அதிர்ந்து நேரானது.
முதல் இதழ். இரண்டாவது.
ஒன்பதாவதில் என் முதுகு சொன்னது,
பன்னிரண்டில் பெஸ்னிக் சொன்னான்:
கடைசி ஆளுக்கு இடமில்லை.

அம்மாவின் கோட்டுக்கு நீளம் மட்டும்தான்.
என் கோட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் அகலம்.
அதில் முதலில் பூச்சு போகும், பிறகு ஊத்தை,
நாய்மயிர், டிசம்பர் உப்பு.
பதினாறு சந்து. நீங்களே கூட்டிப் பாருங்கள்.

"சந்தே வேண்டாம், நெருக்கி ஒட்டு."
ஒட்டலாம். அடியில் சுடுநீர்க் குழாய் ஓடுகிறது.
முதல் குளிருக்குச் சூடு போட்டதும்
கற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு
கூடாரம்போல எழும்பும்.
பார்த்திருக்கிறேன், ஒரு பல் மருத்துவர் வீட்டில்.

இதை எப்படிச் சொல்வது?
என் ஜெர்மன் சிமெந்து மூட்டையில் படித்தது.
இரண்டு கைவிரல்களையும் பல்சக்கரம்போலக் கோத்து,
நடுவில் கொஞ்சம் விட்டு, ஆட்டிக் காட்டினேன்.
அவர் முகம் மாறியது.
"ஷ்பீல்" என்றார். பிறகு பிரெஞ்சில், "ஜு."
விளையாட்டு.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
விட்டுவைக்கும் மயிரிழைக்கு
கடிகாரக்காரர்களிடம் அதுதான் பெயராம்.
நாங்கள் இடைவெளி என்போம், என்றேன்.
அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை:
கால்வைக்க முடியாத இந்த இடுக்கில்
வெளி எப்போது வந்து படுத்துக்கொண்டது?

எல்லா இதழையும் பெயர்த்தோம்.
நடுவில் பாம்பைக் கண்ட கூட்டம்
ஓர் எட்டு பின்வாங்குமே, அதுபோல
ஒவ்வொன்றையும் பின்னால் தள்ளினோம்.
இங்கே ஓர் எட்டு என்பது எட்டு மில்லிமீட்டர்.
சந்துகள் தாமாகத் திறந்தன.
விளிம்பில் வளர்ந்ததைச் சுவரோரப் பலகை விழுங்கிற்று.
மூக்குகள் விலகிய இடத்தில்
விரல்நகம் அளவு ஓர் ஓட்டை.
அதை யாரும் வரையவில்லை.

பெஸ்னிக் நுனிகளைக் கல்லால் உரசிவிட்டு
பையைத் துழாவி
ஐந்து ராப்பன் காசொன்றை வைத்து அமுக்கினான்.
பொருந்திக்கொண்டது.
அம்மா சிரிக்கவில்லை. கூலியை எண்ணித் தந்தார்,
ஐந்து ராப்பன் கூட்டி.

மார்ச்சில் குளியலறை ஓரம் பூசப் போனேன்.
காசைக் காணோம்.
ஓட்டையில் ஓர் ஆணி நின்றது.
ஆணியில் சமையல் நூல், நூல் நுனியில் சுண்ணக்கட்டி.
நான் பதித்த வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம்,
அதைச் சுற்றி முப்பத்திரண்டு இதழ்;
செருப்புத் தட்டின் கீழே போய்,
சமையலறை வாசற்படி ஏறி இறங்கி,
சுவரில் முட்டி நின்றது கோடு.
"மீதி பெரேன் வீட்டில் இருக்கிறது" என்றார்.

பக்கத்து வீட்டு பெரேன்
தன் சோபாவுக்கு அடியில் ஏழெட்டு இதழ் கிடப்பதறியாமல்
பந்தயச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்;
சுவர் வழியே எனக்கும் கேட்டது.
இந்தச் சுவர் எவ்வளவு கனம், என்றார் அம்மா.
நான் டேப்பை எடுத்தேன்.