மனிதர் பார்க்கவும்

குன்னூரில், பெட்ஃபோர்டுக்கு மேலே,
முன்பு லாண்டரியாக இருந்த கட்டடம்.
சுவரில் இன்னும் சோப்பு வாசம்.
போன வருஷம் மாதத்துக்கு நானூறு பில்.
இப்போது ஆறாயிரம்;
நாற்காலிகளில் அதே மூன்று பேர்,
அதிலும் ஹாலன் கல்யாண விடுப்பில்.

ஆகவே மென்பொருள்.
மேட்டுப்பாளையத்து அட்டைப்பெட்டி பில்லை
இமைப்பதற்குள் படித்துவிடும்.
ஆர்டர், சரக்குச் சீட்டு, பில்
மூன்றும் ஒத்துப்போனால் பச்சை;
பணம் கிளம்பிவிடும்,
கையெழுத்துக்காக மானேஜர் அறை வாசலில் நின்று
யாரும் தொண்டையைச் செருமவேண்டாம்.

ஒத்துப்போகாதவை என்னிடம் வரும்,
மஞ்சள் பட்டையில் இரண்டே சொல்லோடு:
மனிதர் பார்க்கவும்.

இன்று கேத்தி போஜனின் ரோஸ்மேரி.
மழை குடித்த தாள்.
நாற்பத்தொன்றா, நாற்பத்தேழா?
ஏழு என்கிறது இயந்திரம்,
அறுபத்திரண்டு சதவீத நம்பிக்கையில்.
எனக்கு என்மேல்
அவ்வளவு இருந்த நாட்கள் குறைவு.

போன் செய்தேன்.
அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார் இரைச்சல்.
"ஒண்ணுதாங்க. ஏழுன்னா வேண்டாம்னா சொல்லப்போறேன்?"
சிரிப்பு. பிறகு, கொஞ்சம் தணிந்து,
"அந்த டிசம்பர் பில்லு...
உரக்கடைக்காரர் நேத்தும் வந்துட்டுப் போனாரு."

திரையில் தேடினேன். டிசம்பரில் போஜனே இல்லை.
மென்பொருள் விழுங்கிவிட்டது என்று
சென்னையில் அதை விற்றவர்களுக்குக்
காரமாக ஒரு மெயில் தொடங்கினேன்.
முதல் வரி முடிவதற்குள்
கீழ் இழுப்பறை ஞாபகம் வந்தது.

இருந்தது.
ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்கு அடியில்,
துளி நனையாமல், தெளிவான கையெழுத்தில்,
முப்பத்தாறு கிலோ.
வாங்கிய தேதியின் முத்திரைக்குக் கீழே
என் சுருக்கொப்பம்.

மெயிலை அழித்துவிட்டு
ஸ்கேனரில் வைத்தேன்.
நான்கு விநாடி.
தொண்ணூற்றொன்பது சதவீதம். பச்சை.
மனிதர் எவரையும் அது கூப்பிடவில்லை.