உவர் ஏறும் வழி

நான் கிணறு அளக்கிறவன்.
புத்தூர், நவக்கிரி, அச்சுவேலி,
மாதம் ஒருமுறை நாற்பத்திரண்டு கிணறு.
கயிற்றில் மீற்றரை இறக்கி
எத்தனை அடியில் உவர் தொடங்குதென்று
கொப்பியில் எழுதுவது என் உத்தியோகம்.

கிணற்றுக்கட்டில் குப்புறப் படுத்தால் மூச்சு வந்தது.
நிமிர்ந்து நின்றால் போனது.
ஊருலகத்துக்கு இது தலைகீழ் என்று
எனக்குத் தெரியாது.
இரவில் மல்லாந்து கிடந்தால்
ஒரு குறையும் இல்லாத மனுசன்;
விடிய எழும்பி நின்றால்
நகமெல்லாம் நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு.
வதனி சொன்னாள்,
வேலைக்குப் போகப் பஞ்சி.

பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன டொக்டர், லக்சாயினி,
விரலில் கிளிப்பை மாட்டிவிட்டுப்
படுங்கோ என்றாள். தொண்ணூற்றி நாலு.
எழும்பி நில்லுங்கோ. எண்பத்தி மூன்று.
திரும்பப் படுக்க வைத்தாள். திரும்ப நிற்க வைத்தாள்.
முதுகில் குழாயை வைத்து
மூச்சை இழுத்துப் பிடியுங்கோ என்றாள்.
உள்ளுக்கு ஏதோ ஓடுது,
தனக்குத்தானே சொன்னாள்.

பிறகு என் துண்டின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினாள்.
நாடி நுரையீரலுக்குள் போய்
மயிரிலும் மெல்லிய கிளைகளாய்ப் பிரிந்து
காற்றைத் தொட்ட பிறகுதான்
நாளத்தில் சேர வேண்டுமாம்.
எனக்கு ஓரிடத்தில்
இரண்டும் நேரே வாய் பொருந்திக் கிடக்குது.
காற்றைக் காணாத இரத்தம்
வந்த நிறத்திலேயே இதயத்துக்குத் திரும்புது.

நான் சிரித்தேன். அவளுக்கு விளங்கவில்லை.
இருபது வருசமாக இதைத்தானே பிள்ளை அளக்கிறேன்.
மண்ணில் ஊறிக் கல்லில் கசிந்து
ஆறுதலாக வந்தால் நல்ல தண்ணி.
சுண்ணாம்புக்கல்லில் எங்கேயோ ஒரு பொந்து
கடலுக்கு நேரே திறந்து கிடந்தால்
நிலாவரை மாதிரித்தான்:
மேலே அள்ளிக் குடிக்கலாம்,
கயிறு நீள நீள உப்பு.
கிணற்றைப் பார்த்து ஒருவரும்
பஞ்சி என்று சொல்வதில்லை.

கொழும்பில் தொடையால் வயரை விட்டு
பிளாட்டினச் சுருளால் பொந்தை அடைத்தார்கள்.
எழும்பி நின்றேன். தொண்ணூற்றி ஆறு.
வதனி ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த நாள் றால் வாங்கி வந்தாள்.

ஆனால் அந்தச் சின்ன டொக்டரின் ஒரு கேள்வி
என்னோடு பஸ் ஏறி வீடுவரை வந்தது.
உங்கட வீட்டில ஆருக்கும்
மூக்கால இரத்தம் வாறதோ?

அம்மாவுக்கு வந்தது.
வெக்கை என்றோம், வெங்காயத்தை நசித்து மணக்கக் கொடுத்தோம்.
சாம்பவிக்கு வருகிறது.
வகுப்பில், வெள்ளைச் சட்டையில்,
கணக்குக் கொப்பியில் பின்னங்களின் மேல்.

இன்று எக்கோ அறை. ஏசி குளிர்.
பன்னிரண்டு வயதுக் கையில் ஊசி.
உப்புத்தண்ணியையும் துளி காற்றையும்
இரண்டு சிறிஞ்சுக்குள் மாறிமாறி அடித்து
நுரையாக்கி ஏற்றுகிறார்கள்.
உப்புத்தண்ணி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரையில் இதயத்தின் வலது அறை
பொங்கி வெளிக்குது.
இடது அறை கறுப்பு. கறுப்பாகவே இருக்க வேணும்.
நல்ல நுரையீரல் குமிழை வடித்து வைத்துக்கொள்ளும்.
பொந்து இருந்தால்
நாலாம் துடிப்பிலோ ஐந்தாம் துடிப்பிலோ
ஒவ்வொன்றாய் அங்கால் வரும்.

அப்பா, என்ன தெரியுது?

பொறு பிள்ளை,
எண்ணிக்கொண்டிருக்கிறன்.
ஒண்டு.
ரெண்டு.
மூண்டு.