வியாழக்கிழமை, இரண்டு மணித்தியாலம்

வலிப்பு வந்தால் எந்தப் பக்கம் சரிப்பது,
பத்து மணிக்கு எத்தனை மில்லி,
கஞ்சி எவ்வளவு தடிப்பு,
எல்லாவற்றையும் கொப்பித்தாளில் எழுதி
அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன்.
ரிஸ்மியா அதை வாசிக்கவேயில்லை.
"போங்க" என்றாள்.
"ஞாயிறு ஸஹ்ரா உங்களிட்ட.
இண்டைக்கு துவாரகன் என்னட்ட.
கணக்குச் சரி."
சக்கர நாற்காலியில் இருந்த ஸஹ்ரா
என் செருப்பைப் பார்த்துச் சிரித்தாள்.
இரண்டும் வேறு வேறு சோடி.

பாலையூற்றில் பஸ் ஏறினேன்.
இடது இடுப்பு மட்டும்
அவன் இருப்பதுபோலவே வெளியே தள்ளி நின்றது.
ஒன்பது வருடப் பழக்கம்,
அதற்கு இன்னும் செய்தி போகவில்லை.

பஸ் நிலையத்தில் மான்கள்.
ஒன்று லஞ்ச் சீற்றைத் தின்றுகொண்டிருந்தது.
ஓட்டோக்கள் ஹோர்ன் அடிக்காமல் சுற்றிப் போயின.
இந்த ஊருக்கு வழிவிடத் தெரியும்.
கிளினிக் சாய்தளத்தில்தான்
மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் போகும்.

அங்கே அவனை நிறுக்கும் முறை இது:
முதலில் அவனைத் தூக்கிக்கொண்டு நான் ஏறுவேன்.
பிறகு தனியே ஏறுவேன்.
மிஸ்ஸி கழித்து
மிச்சத்தைக் கார்டில் எழுதுவா.
போன மாதம் இருபத்திரண்டரை,
இந்த மாதம் இருபத்துமூன்று.
என் எடை கழிப்பதற்கு மட்டும்.
எழுதுவதில்லை.
நானும் கேட்டதில்லை.
அவன் தகப்பனுக்குச் சீனன்குடா மா ஆலையில் இரவு வேலை.
விடிய வந்து, வெள்ளை படிந்த இமைகளோடு
அவனுக்குப் பல் தீட்டிவிட்டுத்தான் படுப்பார்.
அவரைத் தராசில் ஏறச் சொன்னவர் யார்?

டச் பே கடலில் அன்று அலை குறைவு.
அழுகை வரும் என்று நினைத்து இருந்தேன்.
வந்தது நித்திரை.
பயந்து எழும்பிவிட்டேன்.

மத்திய வீதியில் ஒரு பார்மசி வாசல்.
இருபது ரூபாய்க்கு நிறுத்துத் துண்டு தரும் மெசின்.
செருப்பைக் கழற்றி ஏறினேன்.
நாற்பத்தாறு.
"காணாது அக்கா" என்றான் கடைப் பெடியன்.
எனக்குக் காணும் போலிருந்தது,
யாரும் என்னிலிருந்து எதையும் கழிக்காத
ஒரு இலக்கம்.
துண்டை மடித்து பேர்சில்
அவன் கார்டுக்குப் பின்னால் வைத்தேன்.

சந்தியில் பொரித்துக்கொண்டிருந்த இறால் வடை இரண்டு.
ஒழுங்கைக்குள் நுழையும்போது
அரை மணித்தியாலம் மிச்சம்.
உள்ளே அவன் குரல்.
அழுகையா சிரிப்பா என்று
அறியாதவர் திகைக்கும் குரல்.
சிரிப்பு.

கை படலைக் கொளுக்கிக்குப் போனது.
திருப்பி எடுத்தேன்.
மதகில் குந்தி
ஒரு வடையைச் சூடு ஆற முதல் தின்றேன்,
நாக்குச் சுட்டது.
மற்றது ரிஸ்மியாவுக்கு.

உள்ளே ஒரு இருமல்.
எழும்பினேன்.
"ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்றாள் ரிஸ்மியா.
அவனுக்கா, மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கும் எனக்கா,
தெரியவில்லை.
திரும்ப இருந்தேன்.
இன்னும் பதினேழு நிமிடம்.